வித்தும் தண்ணீரும்

வேலம்பாளையம்
12.6.1988

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னாத்தாள் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். மலைக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அனுப்பிய பனியன்கள் வந்து சேர்ந்தனவா? எங்கள் பனியன் கம்பெனியில் கழித்த செகண்ட்ஸ்தான், ஆனால் கழுத்து விரியாது.

மயிலாள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். உங்கள் உயரம் அவளுக்கு. வாசல்படியில் குனிந்துதான் வருகிறாள். போன வாரம் கந்தப்பன் அண்ணன் தாராபுரத்திலிருந்து வந்து மகன் லிங்கசாமிக்கு அவளைக் கேட்டார். "எம்பொறந்தவ புள்ளய வெளிய உட்டுருவனா? தை மாசத்துல முடிச்சுப் போடலாம் மாப்ள," என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். காபி போட உள்ளே போன நான் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பக்கத்தில் சாயப்பட்டறைகள் பெருகிவிட்டன. எங்கள் போர்வெல் தண்ணீர் ஒரு நாள் ரோஸ், ஒரு நாள் கருநீலம். இதைக் குடித்து வளர்கிற உடம்பு என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வேன்.

தெரிந்தவர் ஒருவர் கேட்டார், அதனால் கேட்கிறேன். போன முறை வந்தபோது கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு என்று சொன்னீர்கள். வெளிச்சமும் தண்ணீரும் மாறினால் ஒன்றில் இன்னொன்றின் பூ வரும் என்றீர்கள். அது வித்திலேயே இருப்பதா, வளர்கிற இடத்தால் வருவதா?

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

தங்கை
சின்னாத்தாள்


அல்மோரா
27.6.1988

அன்புள்ள சின்னாத்தாளுக்கு,

உன் கடிதம் பத்து நாள் பயணம் செய்து வந்தது. நான் நலம். முழங்கால் வலிக்கிறது, ஆனால் நடக்கிறது. பனியன்கள் வந்தன. எங்கள் காவலாளிக்கு ஒன்று கொடுத்தேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஊரில் கஞ்சா என்றால் முகம் சுளிப்பார்கள். இங்கே மலைக்காரர்கள் அதன் நாரில் கோணிப்பை நெய்கிறார்கள், விதையை வறுத்துத் துவையல் அரைக்கிறார்கள். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு அனுமதியோடு, ஒவ்வொரு செடிக்கும் எண் போட்டு வளர்க்கிறோம். இந்த வருட விதைப்பு இப்போதுதான் முடிந்தது.

ஆணா பெண்ணா என்பது விதை உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது என்றுதான் இதுவரை கண்டது. ஆனால் பெண் செடிக்கு இரவையும் பகலையும் மாற்றி வைத்தால், கடுங்குளிரில் வாட்டினால், வெள்ளி உப்பைக் கரைத்து நுனியில் தெளித்தால், அதில் ஆண் பூ வரும். வேறு மருந்தால் ஆண் செடியில் பெண் பூவையும் வரவழைக்கலாம். எல்லாச் செடியும் ஒரே மாதிரி மாறாது. சில மாறவே மாறாது. ஆராய்ச்சிக்கு வந்த புதிதில், இடம்தான் எல்லாம் என்று காட்டிவிட ஆசைப்பட்டேன். செடிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

கேட்டவர் யார்? திருப்பூரில் இது யாருக்கு வேண்டியிருக்கிறது? மயிலாள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா என்று நீ எழுதவில்லை.

அக்கா
குழந்தையம்மாள்


வேலம்பாளையம்
10.7.1988

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி இந்த முறை பொய் எழுத மனம் வரவில்லை.

கேட்டவள் நான்தான். மயிலாளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் திரட்டிச் சீர் செய்தோமே, அது பொய். ராயபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இவர் பங்காளி வீட்டுப் பெண் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏனுங்க சின்னாத்தா, புள்ள பனைமரமாட்ட நிக்குது, இன்னுமா ஒண்ணும் ஆகல? சீர் செய்யச் சலிச்சுக்கிட்டு மறைச்சு வெச்சிருக்கறீங்களோ?" எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் யோசித்தேன். எப்படியும் நாளைக்கோ அடுத்த மாதமோ ஆகப் போகிறவள்தானே என்று ஒரு வெள்ளிக்கிழமை இவரிடம் "புள்ள உக்காந்துட்டா" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்து பச்சை ஓலைக் குடிசை கட்டினார். மயிலாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மாதா மாதம் மூன்று நாள் அவளைத் தனியாக உட்கார வைக்கிறேன். இது பொய் என்று இவருக்குக்கூடத் தெரியாது.

உங்கள் கடிதம் பார்த்த பிறகுதான் தெம்பு வந்தது. தண்ணீரும் வெளிச்சமும் மாறினால் பூ மாறும் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே சாயத் தண்ணீர். போதாததற்கு ராத்திரியும் கம்பெனியில் டியூப்லைட் எரிகிறது. அதனால் அவளைத் தாராபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே அமராவதித் தண்ணீர். டைப்ரைட்டிங் படிக்க என்று சொல்லியிருக்கிறேன். மூன்று நான்கு மாதத்தில் சரியாகிவிடும் அல்லவா?

பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.

சின்னாத்தாள்


அல்மோரா
23.7.1988

அன்புள்ள சின்னாத்தாளுக்கு,

நலம். நான் எழுதியதை மறுபடியும் எடுத்துப் படி.

மாறுவது பூ மட்டும். வெள்ளி உப்பு தெளித்த பெண் செடியின் ஆண் பூவிலிருந்து மகரந்தம் எடுத்து இன்னொரு பெண் செடிக்குச் சேர்த்தோம். அதில் வந்த விதை அத்தனையும் பெண்ணாகவே முளைத்தது. பூவை ஏமாற்றலாம், வித்து ஏமாறுவதில்லை. இருநூறு செடிகளில் பார்த்திருக்கிறேன்.

மனிதர்கள் செடிகள் அல்ல. நான் மருத்துவரும் அல்ல. ஆனால் ஆற்றுத் தண்ணீர் குடித்து இது வராது என்பதை என்னால் சொல்ல முடியும். அதுவும் நீ அவளை அனுப்பியிருப்பது மாப்பிள்ளை வீட்டுக்கு. சம்பந்தத்துக்கு நீ சம்மதித்துவிட்டாய் என்று அண்ணன் நினைப்பதில் என்ன தப்பு?

அவளைத் திருப்பி அழைத்துக்கொள். கோயம்புத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டு. பேர் மாற்றிச் சொல்லியாவது காட்டு. நாள் குறிக்கும் முன் செய்.

குழந்தையம்மாள்


வேலம்பாளையம்
14.8.1988

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

டாக்டரிடம் போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் நம் சனம் நாலு பேர் பார்ப்பார்கள். நீங்கள் மலை மேல் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது தெரியாது.

வித்துதான் காரணம் என்கிறீர்கள். வித்து என்றால் யார் வித்து? இவர் வீட்டில் ஐந்து பெண்கள், எல்லாருக்கும் பிள்ளைகள். அப்படியானால் பழி என் வயிற்றுக்குத்தானே வரும்? தண்ணீர் என்றால் யார் மேலும் பழி இல்லை. ஊரே குடிக்கிற தண்ணீர். அது ஏன் உங்களுக்குப் புரியவில்லை?

அண்ணன் கார்த்திகை பத்தாம் தேதி நிச்சயம் என்று சொல்லிவிட்டார். இவர் வெற்றிலை வாங்கிக்கொண்டார். அதற்குள் ஆகிவிடும். ஆகாவிட்டாலும், கல்யாணமான பிறகு ஆனவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கல்யாணம் வேண்டாம் என்று போனவர்கள். பெண்ணைப் பெற்றவள் வயிறு எப்படி இருக்கும் என்று எண் போட்ட செடிகளிடம் தெரிந்துகொள்ள முடியாது.

சின்னாத்தாள்


தாராபுரம்
3.9.1988

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மயிலாள் வணக்கத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. பதிலை இந்த உறையின் பின்னால் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முகவரிக்குப் போடுங்கள்.

உங்கள் கடிதங்களை அம்மா அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். அங்கிருந்தபோது முதலாவதைப் படித்தேன்.

இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. மூன்று முறை வெளி அறையில் உட்கார்ந்துவிட்டேன். சென்னம்மாள் அத்தை சோறு போட்ட தட்டைத் தரையில் வைத்து, அடுப்பு ஊதுகுழலால் என் பக்கம் தள்ளுவார். கெட்டவர் இல்லை. மறுசோறு வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்பார். ஆனால் கணக்கு வைக்கிறார். போன முறை, "ஏங்கண்ணு, முந்தி அமாவாசைக்குப் பொறவு தூரமான, இப்ப முன்னாலயே வந்துருச்சு? உங்கூர்த் தண்ணி சூடாட்ட இருக்குது," என்றார். நான் நாளைத் தப்பாக எண்ணிவிட்டேன்.

அடுத்த நாள், "துணிய எங்க கண்ணு காயப் போடற? வேலியில ஒண்ணயுங் காணம்," என்றார். சுத்தமான துணி ஒன்றை நனைத்து வேலிமேல் போட்டேன். அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லிங்கசாமி மச்சான் நல்லவர். மோட்டார் ரூமிலிருந்து வரும்போது, "மயிலு, டைப்படிச்சு எங்களயெல்லாம் வேலைய உட்டுத் தூக்கிப் போடாத," என்று கேலி செய்வார். அவரைப் பார்க்கும்போது திருடியைப் போல இருக்கிறது.

பெரியம்மா, அம்மா உங்களிடம் செடியைப் பற்றிக் கேட்டார்கள். நான் என்னைப் பற்றிக் கேட்கிறேன். இது வித்திலேயே இருப்பதா? இருந்தால் நான் யார்?

மயிலாள்


தாராபுரம்
28.9.1988

பெரியம்மாவுக்கு,

நலமா? பதில் வரவில்லை. கடிதம் சேரவில்லையோ என்று இதை எழுதுகிறேன். நிச்சயச் சேலை எடுக்க ஐப்பசி முதல் வாரம் ஈரோட்டுக்குப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மயிலாள்


அல்மோரா
9.10.1988

அன்புள்ள மயிலாளுக்கு,

உன் முதல் கடிதம் செப்டம்பர் பதினான்காம் தேதியே வந்தது. பதில் எழுதி நான்கு முறை கிழித்தேன். அந்த நாட்களுக்காக என்னை மன்னித்துவிடு. உன் மூன்று நாட்களில் ஒரு முறை அதற்குள் கழிந்திருக்கும்.

அந்தத் தட்டு சிமெண்டுத் தரையில் உரசி வரும் சத்தம் எனக்குத் தெரியும். பதினைந்து வயதிலிருந்து இருபது வயது வரை அதைக் கேட்டிருக்கிறேன். என் அம்மாவும் எனக்குப் பொய்யாகத்தான் சீர் செய்தார். எனக்கு இன்றுவரை அது வரவில்லை. எனக்கு நாற்பத்தொன்பது வயது. இதை நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

சென்னையில் எம்.எஸ்ஸி. படித்தபோது செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெண்ணின் செல்லில் ஓர் ஓரமாக ஒரு கரும்புள்ளி தெரியும் என்றார் ஆசிரியர். எல்லோரும் போன பிறகு, என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். நூறு செல் எண்ணினேன். புள்ளி இல்லை. சாயம் சரியில்லை என்று நினைத்து மறுநாள் தோழி ஒருத்தியின் செல்லையும் சேர்த்துப் பார்த்தேன். அவளுக்கு இருந்தது. பிறகு ஒரு டாக்டரிடம் போனேன். கர்ப்பப்பை இல்லாமல் பிறந்திருக்கிறேன் என்றார். என் வித்து ஆணாக வளரச் சொல்லியிருக்கிறது. உடம்புக்கு அந்தச் சொல் எட்டவில்லை. அது பெண்ணாக வளர்ந்தது. இது தாய்வழியாக வரக்கூடியது. சுமக்கும் தாய்க்கு ஒன்றும் தெரியாது.

உனக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்லக்கூடாது. ஆனால் உன் உயரத்தைப் பற்றி உன் அம்மா எழுதிய நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம். ஜூன் மாதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். செடிகளைப் பற்றி எழுதிவிட்டேன். அந்தக் கடிதம்தான் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

நீ யார் என்று கேட்டாய். புள்ளியைத் தேடிய மறுநாளும் நான் அதே சேலையைக் கட்டிக்கொண்டு அதே வகுப்புக்குப் போனேன். என்னை வேறு யாராகவும் எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அப்படியே இருந்தால் அதை நம்பு. டாக்டர் சொல்லப்போவது உன் உடம்பைப் பற்றி. உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் நீ.

லிங்கசாமியிடம் மறைத்து இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது. நடந்தால் வாழ்நாள் முழுக்க நீ வேலியில் துணி காயப் போட வேண்டியிருக்கும். அண்ணனுக்கு நான் எழுதுகிறேன், முதலில் என்னைப் பற்றி. உன் பேரைச் சேர்க்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் எழுதமாட்டேன்.

உன்
பெரியம்மா


தாராபுரம்
19.10.1988

பெரியம்மாவுக்கு,

எழுதுங்கள்.

நேற்று அத்தை, "இந்த மாசம் இன்னும் உக்காரல போலருக்குது," என்றார். "இல்லீங்க அத்தை," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். இனி உட்காரமாட்டேன்.

உங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மயிலாள்


அல்மோரா
30.10.1988

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தங்கை குழந்தையம்மாளின் வணக்கம். உங்களுக்கும் அண்ணிக்கும் லிங்கசாமிக்கும் உடல்நலம் எப்படி இருக்கிறது? எட்டு வருடமாக நான் உங்களுக்குக் கடிதம் எழுதவில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

1961இல் என் கல்யாணப் பேச்சை நான் ஏன் மறுத்தேன் என்று நீங்கள் கிணற்று மேட்டில் கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் வயதுக்கு வரவே இல்லை. அம்மா செய்த சீர் பொய். என்னால் பிள்ளை பெற முடியாது என்று பிறகு டாக்டர் சொன்னார். கட்டிக்கொள்ள வந்தவரை ஏமாற்ற எனக்கு மனமில்லை, சொல்லவும் தைரியமில்லை.

மயிலாளுக்கும் இது இருக்கலாம். இன்னும் சோதிக்கவில்லை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சின்னாத்தாள் உங்களை ஏமாற்ற நினைத்தவள் அல்ல. நாளைக்கு ஆகிவிடும் என்று நம்பியே மூன்று வருடம் ஓட்டியவள். நீங்கள் கொண்டுவந்த சீரை அவள் பொய்யாக வாங்கியதற்குக் கோபம் வந்தால், அந்தப் பொய் நம் அம்மாவின் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. அந்தப் பெண்ணை யாரும் ஒரு சொல் சொல்லாமல் இருந்தால் போதும்.

குழந்தையம்மாள்


தாராபுரம்
18.11.1988

தங்கச்சி குழந்தையம்மாளுக்கு,

கந்தப்பன் எழுதுவது. இங்கே மழை நல்ல மழை. நெல் நட்டாயிற்று. எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். சென்னம்மாளிடம் சொல்லவில்லை. லிங்கசாமியிடம் இது நடக்காது, காரணம் கேட்காதே என்றேன். வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு வந்தான். "சரி, நாந்தான் வேண்டாம்னேன்னு சொல்லிப் போடுங்கப்பா. அவளச் சொன்னா ஊரு பேசும். எனக்கென்ன, நாலு நாளைக்குத் திட்டுவாங்க," என்றான். அப்படியே வேலம்பாளையத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் அம்மா நான்கு நாளாக அவனோடு பேசவில்லை. மாப்பிள்ளை சுப்பண்ணன் என்னோடு பேசவில்லை. அது போகட்டும்.

மயிலாளை நானே பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். வழியில் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது, "மாமன் ஊடு எப்பவும் இருக்குது சாமி," என்றேன். தலையாட்டினாள்.

அன்றைக்குக் கிணற்று மேட்டில் நீ வாய் திறக்காமல் நின்றாய். நான் கையை ஓங்கியதோடு நிறுத்தவில்லை. நீ அதை உன் கடிதத்தில் எழுதவில்லை. எனக்கு அது எந்தக் கை என்று தெரிகிறது.

பொங்கலுக்கு வா.

கந்தப்பன்


வேலம்பாளையம்
4.12.1988

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னாத்தாள் எழுதுவது. மயிலாள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதத்தை அவளே என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அதுவும் அரிசி டின்னுக்குள்தான் இருக்கிறது.

இவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கம்பெனியிலேயே படுத்தார். மூன்றாம் நாள் வந்து, "காலேசுல அப்ளிகேசன் எப்பக் குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் பிறகு எழுதிச் சொன்ன சென்னை டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். பேரை மாற்றிச் சொல்ல வேண்டாம் என்கிறாள் மயிலாள்.

தண்ணீர்தான் காரணம் என்று பாதி மனம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதியோடு இனி நான் உங்களிடம் வாதத்துக்கு வரமாட்டேன். ஆகஸ்டில் எழுதிய கடைசி வரியை நீங்கள் கிழித்துப் போட்டிருந்தால் நல்லது.

ஒன்று மட்டும் ராப்பகலாக ஓடுகிறது. நீங்கள் வெளி அறையில் உட்கார்ந்த காலத்தில் எனக்கு ஏழு எட்டு வயது. உங்களுக்குச் சோறு கொண்டுவருவது என் வேலை. அம்மா சொல்லிக்கொடுத்தபடி தட்டைக் கீழே வைத்து, ஊதுகுழலால் தள்ளுவேன். ஒருநாள் ரசம் தரையில் கொட்டிவிட்டது. கொட்டியதைத் துடைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டீர்கள். அம்மா உள்ளேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் பெண்ணுக்கு மூன்று வருடம் அப்படித் தள்ளினேன்.

பொங்கலுக்கு வாருங்கள் அக்கா. அடுப்படியில் என் பக்கத்தில் மணை போட்டு வைக்கிறேன். தட்டை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

தங்கை
சின்னாத்தாள்